ரீகால்: 'திரும்ப அழைத்தல்' போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். தேர்ந்தெடுத்தவரைப் பதவிக்காலம் முடியும் முன்பே வாக்காளர்கள் வாக்களித்து நீக்கும் அமெரிக்க முறையான 'ரீகால்' (recall) என்பதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சில் வந்த கேள்வி இது:

> 'திரும்ப அழைத்தல்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்விதான், ஐயா. ஆனால் திரும்ப அழைப்பது என்றால் தூதரை அழைப்பதுதான் நினைவுக்கு வருகிறது. அனுப்பிய அரசு ஒரு கடிதம் போட்டால் அது முடிந்துவிடும். அமெரிக்க ரீகால் அப்படியில்லை. பதவிக்காலம் முடிவதற்குள் வாக்காளர்கள் கையெழுத்துத் திரட்டி மனுக் கொடுக்க வேண்டும். மனு ஏற்கப்பட்டால் மறுபடி வாக்குப்பதிவு.

1903இல் லாஸ் ஏஞ்சலஸ் தன் நகர சாசனத்தில் இதைச் சேர்த்தது. அடுத்த ஆண்டே ஒரு நகரமன்ற உறுப்பினர் பதவியிழந்தார். அப்போது கலிபோர்னியா அரசியல் சதர்ன் பசிபிக் ரயில்வேயின் பிடியில் இருந்தது. அந்தப் பிடியை உடைப்பேன் என்று சொல்லி 1910இல் ஆளுநர் தேர்தலில் வென்ற ஹைரம் ஜான்சன், மறு ஆண்டே மாநிலம் முழுமைக்கும் ரீகாலைக் கொண்டுவந்தார், நீதிபதிகளுக்கும் சேர்த்துத்தான்.

நீதிபதிகள் விஷயத்தில்தான் பெரிய சண்டையே வந்தது. அரிசோனா தனி மாநிலமாக விண்ணப்பித்தபோது, அதன் அரசமைப்பில் நீதிபதிகளையும் ரீகால் செய்யலாம் என்று இருந்தது. 1911 ஆகஸ்டில் அதிபர் டாஃப்ட் வீட்டோ போட்டார். சரி என்று அரிசோனா அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, 1912 பிப்ரவரி 14 அன்று மாநிலமானது. அதே ஆண்டு நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, எடுத்ததை மறுபடி சேர்த்துக்கொண்டது! கொடுத்த அதிகாரம் தங்களுடையது என்பதில் அவ்வளவு உறுதி. நம் சொல்லிலும் அது தெரிய வேண்டும்.

வந்த மற்ற பரிந்துரைகளில், 'வாக்காளர் நீக்கம்' என்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதாகிவிடும். 'பதவிநீக்கம்' இம்பீச்மென்டுக்கு, அதாவது சட்டமன்றமே குற்றம்சாட்டி விசாரித்து நீக்குவதற்கு, போய்விட்டது. 'பதவிப் பறிப்பு' அநியாயம் நடந்த மாதிரி ஒலிக்கிறது.

நான் சொல்வது 'மக்களாணை மீட்பு'. சுருக்கமாக ஆணைமீட்பு: ஆணைமீட்பு மனு, ஆணைமீட்புத் தேர்தல். 'மீட்பு' என்றால் ஆபத்திலிருந்து காப்பாற்றுவது ஆகாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அடகு வைத்த நகையையும் மீட்கிறோம் என்றுதானே சொல்கிறோம்?

ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "1921இல் வடக்கு டகோட்டா ஆளுநர் லின் ஃபிரேசியர் ஆணைமீட்பில் பதவியிழந்தார், 1922இல் செனட்டுக்குத் தேர்வானார்." இடறவில்லை. நேற்று ஒருவர் பரிந்துரைத்த 'தகுதியிழப்பு' இங்கே அடிபட்டுப்போகிறது. தகுதியிழந்தவர் மறு ஆண்டே எப்படித் தேர்தலில் நிற்பார்?

வேறு குறை தெரிந்தால் சொல்லுங்கள். இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.