பேஸ்பால்ல ஃபீல்டர் எங்க நிக்கணும்னு ரூல் போட்டது சரியா?

புதுவயல் நொட்டாங்கை:
அண்ணங்களா தம்பிகளா, இங்க எப்பவும் கிரிக்கெட்தான் ஓடும், இன்னைக்கு ஒரு பேஸ்பால் சந்தேகம், விரட்டிராதீக. எங்க பெரியப்பா மகன் டல்லாஸ்ல இருக்காக, பொங்கலுக்கு ஊருக்கு வந்தவுக மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு பட்டாலையில படுத்துக்கிட்டே லேப்டாப்புல ஒரு பழைய மேட்ச் போட்டு விட்டாக. லெஃப்ட் ஹேண்டர் ஒருத்தன் அடிக்க வர்றான், உடனே இன்ஃபீல்டர் மூணு பேரு வலது பக்கமா போயி நின்னுக்கிட்டாய்ங்க, அதுல ஒருத்தன் மண்ணைத் தாண்டி புல்லுக்குள்ள நிக்கிறான், இடது பக்கம் ஆளே இல்லாம காலியா கெடக்கு. பய நல்லாத்தான் அடிச்சான், நான் எந்திரிச்சே உக்காந்துட்டேன், பாத்தா நேரா புல்லுல நின்னவன் கைக்குப் போயி அவுட்டு.

இப்ப இது செல்லாதாம். 2023-ல இருந்து எம்.எல்.பி.-ல, அதான் அமெரிக்காவோட பெரிய பேஸ்பால் லீக்குல, பேஸ்களை ஒட்டி நிக்கிற இன்ஃபீல்டர் நாலு பேருல நடுவுல இருக்கிற செகண்ட் பேஸுக்கு இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு பேருதான் நிக்கணும், பிட்ச்சர் பந்து போட ரெடியா நிக்கிறப்ப நாலு பேரு காலும் மண்ணு முடியிற எல்லைக்குள்ளதான் இருக்கணும், பின்னாடி புல்லுக்குப் போகக் கூடாது.

எனக்கு என்ன கோவம்னா நானும் நொட்டாங்கைதான். நம்ம பொட்டல்ல நான் இறங்குனாலே பாயிண்ட்டு, கவர் எல்லாத்தையும் காலி பண்ணிட்டு அம்புட்டு பயலும் மிட்விக்கெட்டுல வந்து வரிசையா நிப்பாய்ங்க, எனக்காக எவனும் ரூல் போடல. கோடி கோடியா வாங்குறவனுக்கு மட்டும் எதுக்கு இந்தச் சலுகை?

கண்மாய்க்கரை:
இதுல கேக்க என்ன மாப்ள இருக்கு. ஒரு பக்கம் காலியா கெடந்தா அங்க தட்டி விட்டுட்டு ஓடணும். அதைச் செய்யத் தெரியாம அம்பயர்கிட்ட போயி "சார் அவனை நகந்து நிக்கச் சொல்லுங்க"ன்னு அழுதா அது ஆட்டமா. நீ ஆஃப் சைடு அடிக்கக் கத்துக்க, அதை விட்டுட்டு நியாயம் கேக்குற.

தேவகோட்டை பி.டி. மாஸ்டர்:
தம்பி, நான் காலேஜ்ல சாஃப்ட்பால் ஆடுனவன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க. காலி இடத்துல தட்டி விடுன்னு கண்மாய்க்கரை ஈசியா சொல்லிட்டாரு. கிரிக்கெட்டுல நமக்கு சுத்தி 360 டிகிரியும் நம்ம இடம், லேட் கட், கிளான்ஸ், கீப்பர் தலைக்கு மேல தூக்குறது எல்லாமே ரன்னு. பேஸ்பால்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல 90 டிகிரி மட்டுந்தான், பின்னாடி போச்சுன்னா ஃபவுல். அந்தக் கால்வாசி வட்டத்துக்குள்ள பிட்ச்சரையும் கேட்ச்சரையும் விட்டுட்டா ஏழு பேரு. பேட்டு உருண்டை, நம்ம பேட்டு மாதிரி முகத்தைத் திருப்பி வழிய விட முடியாது. பந்து குத்தி வர்றதுமில்ல, 60 அடி 6 அங்குலத்துல இருந்து மணிக்கு 95 மைல்ல நேரா வருது. அதோட பிட்ச்சர் என்ன சும்மாவா இருப்பான், வலது பக்கம் ஆளை நிறுத்திட்டு உடம்பை ஒட்டி உள்ளயே போடுவான், அதை இடது பக்கம் தள்ளணும்னா கை ரெண்டும் மாட்டிக்கிட்ட மாதிரி ஆயிரும்.

லெஃப்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடின்னா, அடிச்சவன் முதல்ல ஓடிச் சேர வேண்டிய ஃபர்ஸ்ட் பேஸ் இருக்கிறது வலது பக்கம். லெஃப்டி இழுத்து அடிச்சா பந்து அங்கதான் போகும், புல்லுல நிக்கிறவன் எடுத்துப் போட்டாலும் தூரம் கம்மி, ஓடி வர்றவன் சேர்றதுக்குள்ள பந்து போயிரும். ரைட்டி இழுத்து அடிச்சா இடது பக்கம், அங்க அவ்வளவு பின்னாடி நின்னு எடுத்தா எறியிறதுக்குள்ள அவன் ஓடிச் சேந்துருவான். அதோட ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பேஸை விட்டு ரொம்ப தூரம் போக முடியாது, ரைட்டிக்கு எல்லாரையும் மறுபக்கம் அள்ளிட்டுப் போயிர முடியாது.

இது இன்னைக்கு நேத்து வந்த தந்திரமும் இல்ல. 1946 ஜூலையில பாஸ்டன் டீம் லெஃப்டி டெட் வில்லியம்ஸ் ஒரே மேட்ச்சுல மூணு ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, அடிச்சாரு, அன்னைக்கே ரெண்டாவது மேட்ச்சுல கிளீவ்லாண்ட் மேனேஜர் லூ பூத்ரோ கிட்டத்தட்ட மொத்த டீமையும் வலது பக்கம் கொண்டு போயி நிறுத்திட்டாரு. அப்ப அது ஒரு மகா ஆட்டக்காரனுக்காக செஞ்சது, பாக்கவே ரசமா இருந்திருக்கும். 2010-க்கு அப்புறம் கம்ப்யூட்டர் வந்து ஒவ்வொருத்தன் எங்க அடிப்பான்னு புள்ளி வச்சுக் காட்ட ஆரம்பிச்சதும் சாதாரண லெஃப்டிக்குக்கூட அதே ஃபீல்டு, தடைக்கு முந்தின 2022-ல லெஃப்டி அடிக்க வந்ததுல பாதிக்கு மேல ஷிஃப்ட்டுதான், அதாவது இப்படி ஆளை ஒரு பக்கமா நகத்தி நிறுத்துறது. எப்பவாவது செஞ்சா சாமர்த்தியம், தெனமும் செஞ்சா பாக்குறவனுக்குக் கொட்டாவி. தடை சரின்னுதான் எனக்குத் தோணுது, ஆனா கேப்டன் மூளைக்கு ஒரு கதவை அடைச்சுட்டாங்களேங்கிற வருத்தமும் இருக்கு.

கண்மாய்க்கரை:
மாஸ்டர், அதே வில்லியம்ஸ் அதே வருசம் செப்டம்பர்ல அதே கிளீவ்லாண்டுக்கு எதிரா என்ன செஞ்சாருன்னு ஏன் விட்டுட்டீங்க? காலியா கெடந்த இடது பக்கம் தூக்கி விட்டுட்டு நாலு பேஸும் ஓடியே சுத்தி வந்தாரு, 1-0, அந்த ரன்னுலதான் பாஸ்டன் லீக்கையே ஜெயிச்சுச்சு. முடியும்ல? அப்ப அதைத்தான சொல்றேன்.

தேவகோட்டை பி.டி. மாஸ்டர்:
முடியும் தம்பி, டெட் வில்லியம்ஸா இருந்தா. அதுக்கு அடுத்த மாசம் வேர்ல்ட் சீரிஸ்ல, அதான் சீசன் ஃபைனல்ல, எதிர் டீம் கார்டினல்ஸும் ஷிஃப்ட் போட்டாங்க, ஒரு தடவை இடது பக்கம் பண்ட், அதாவது மெல்லத் தட்டி விட்டு ஓடினாரு, ஆனா மொத்தத்துல 25-க்கு 5 ஹிட்டுதான், அதாவது அடிச்சுட்டுப் பத்திரமா பேஸ் சேந்தது. அவருக்கே அந்தக் கதி.

டல்லாஸ் அண்ணன்:
டேய் தம்பி, பட்டாலையில குறட்டை விட்டுக்கிட்டே பாத்துட்டு இங்க வந்து என்னைய இழுத்து விட்டுருக்க 😀 சரி, எங்க ஊரு கதையையே சொல்றேன். டெக்சஸ் ரேஞ்சர்ஸ்ல கோரி சீகர்னு ஒரு லெஃப்டி. 2022-ல ஆவரேஜ் 0.245, அதாவது ஆயிரம் தடவை அடிக்க வந்தா 245 ஹிட்டு. அடிக்கிறதெல்லாம் அடிதான், ஆனா போயி விழுறது ஃபீல்டர் மடியில. தடை வந்த 2023-ல 0.327, அந்த வருசம் ரேஞ்சர்ஸ் முதல் தடவையா வேர்ல்ட் சீரிஸ் அடிச்சாங்க, சீகர்தான் அதுல எம்.வி.பி., நம்ம மேன் ஆஃப் தி சீரிஸ் மாதிரி. அன்னைக்கு ராத்திரி தெருவுல ஹாரன் அடங்கவே இல்ல. அது முழுக்க ரூலால வந்ததுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ரைட் ஃபீல்டுக்கு தரையோட பந்து போறப்ப முன்னாடி "ப்ச்"சுன்னு சொன்ன வாய் இப்ப எந்திரிச்சு நின்னு கத்துது, அந்த வித்தியாசம் ஸ்டேடியத்துல உக்காந்தா தெரியும்.

ஆனா ஒண்ணு, மொத்த லீகையும் பாத்தீங்கன்னா 2022-ல 0.243, 2023-ல 0.248, 2024-ல மறுபடியும் 0.243. ஏறுன மாதிரி ஏறி இறங்கிருச்சு. ஏன்னா பாதி பிரச்சினை ஃபீல்டரே இல்ல, பேட்டுல பந்தே படல, ஸ்ட்ரைக் அவுட் ஆயிட்டுப் போறாய்ங்க. பந்தே படாதவனுக்கு ஃபீல்டர் ஸ்டேடியத்துல நின்னா என்ன செக்காலை ரோட்டுல நின்னா என்ன. அந்த வருசம் வந்த ரூலுலயே நிஜமா ஆட்டத்தை மாத்துனது பிட்ச்சர் பந்து போட நேரக் கெடு வைக்கிற பிட்ச் கிளாக்தான், மூணு மணி நேரத்துக்கு மேல இழுத்த மேட்ச்சு 2 மணி 40 நிமிசத்துல முடியுது.

அப்பறம் நம்மாளுக மாதிரி அங்கயும் சந்து கண்டுபிடிக்கிறவன் இருக்கான். ரூல்ல இன்ஃபீல்டரைத்தான கட்டிப் போட்டிருக்கு, தூரத்துல புல்லுல நிக்கிற அவுட்ஃபீல்டரைப் பத்தி பேச்சு இல்லையே. பாஸ்டன்காரன் ப்ராக்டிஸ் மேட்ச்சுல ஜோயி கேல்லோங்கிற லெஃப்டிக்கு சென்டர் ஃபீல்டரைக் கூட்டிட்டு வந்து அந்தப் பழைய இடத்துலயே நிறுத்திட்டான், லெஃப்ட் ஃபீல்டு மொத்தமும் வெட்டவெளி.

கானாடுகாத்தான் பேரன்:
எல்லாரும் கிரிக்கெட்டுல இப்படி ரூலே இல்லாத மாதிரி பேசுறீக, அதான் சிரிப்பா இருக்கு. 1932-33-ல இங்கிலாந்து கேப்டன் ஜார்டின் லெக் சைடுல ஆளை அடுக்கி வச்சுட்டு ஃபாஸ்ட் பவுலர் லார்வுட்டை உடம்புக்குப் போடச் சொன்னாரு, அடிச்சா கேட்ச்சு, விட்டா நெஞ்சுல அடி. இன்னைக்கு லெக் சைடுல ஸ்கொயருக்குப் பின்னாடி ரெண்டு பேருக்கு மேல நின்னா நோ பால், அந்த மாதிரி ஃபீல்டு திரும்ப வராம அடைச்சு வச்சிருக்கிறதே இதான். ஒன்டேல வட்டம், பவர்பிளே எல்லாம் என்ன? 1996-ல முதல் 15 ஓவர் வட்டத்துக்கு வெளிய ரெண்டு பேருதான்னு இருந்ததாலதான ஜெயசூர்யா அந்த ஆட்டம் ஆடினாரு. அதை எவன் சலுகைன்னு சொன்னான், கை தட்டினோம். பேஸ்பால்லயும் ரூலை மீறி நின்னா பேட்டருக்கு ஒரு 'பால்' இனாம், நம்ம வைடு மாதிரி பேட்டர் கணக்குல ஏறும், இல்ல அடிச்சது நல்லா போயிருந்தா அதையே வச்சுக்கலாம்.

நம்ம தெருவையே எடுங்க. எங்க ஐயா வீட்டுக்கு எதுத்தாப்புல இருக்கிற பெரிய வீடு பூட்டியே கெடக்கும், படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் தொறப்பாக, உள்ள வளவுல பந்து விழுந்தா அடுத்த கல்யாணம் வரைக்கும் அம்புட்டுத்தான். அதனால அந்தப் பக்கம் தூக்கி அடிச்சா அவுட்டுன்னு நாமதான ரூல் போட்டோம். அதுக்குப் பேட்ஸ்மேன் யாரும் கோர்ட்டுக்குப் போகல.

புதுவயல் நொட்டாங்கை:
பேரன் சொன்னது உறைக்குது, நான் யோசிக்காம கோவப்பட்டுட்டேன் போல. இன்னைக்குக் காலையில பொட்டல்ல தைரியமா கேட்டுப் பாத்தேன், எனக்கு லெக் சைடுல அஞ்சு பேருக்கு மேல நிக்கக் கூடாதுன்னு. எல்லாம் ஒண்ணா சிரிச்சாய்ங்க, மூணாவது பந்துல மிட்விக்கெட்டுல கேட்ச்சு. புடிச்சது யாருன்னு சொல்ல மாட்டேன், கண்மாய்க்கரையில வீடு.

கண்மாய்க்கரை:
அடுத்த ஞாயித்துக்கிழமை ஏழு பேரு நிறுத்துறேன், வா.