மறு: இ.இ.ஜி.க்குத் தமிழில் என்ன? "மின்னலை" வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

நோயாளிகளுக்கான நம் கையேட்டில் இ.இ.ஜி.க்கு, அதாவது மூளையின் மின் அசைவைக் கோடுகளாகக் காட்டும் பரிசோதனைக்கு, "மூளை மின்னலை வரைவு" என்று போட்டிருந்தோம் அல்லவா? போன வாரம் கோத்தகிரியில் தேயிலை பறிக்கும் ஓர் அக்காவிடம் அச்சுப்படியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மகனுக்கு வலிப்பு; கோவைக்குப் போய் இ.இ.ஜி. எடுக்க வேண்டும். தலைப்பிலேயே நின்றுவிட்டார். "மின்னல மூளைக்குள்ள விடுவாங்களா?" என்றார். நாம் மின் + அலை என்று எழுதினோம், அவர் மின்னல் + ஐ என்று படித்தார். இலக்கணப்படி அவர் படித்ததும் சரிதான்!

முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. தலையில் கரண்ட் வைப்பார்கள் என்ற பயம் ஏற்கெனவே இருக்கிறது. ஷாக் சிகிச்சையோடு இதைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உண்மையில் இதில் எந்த மின்சாரமும் உள்ளே போவதில்லை. மூளை தானாக உண்டாக்கும் மின்னழுத்தத்தைத் தலைத்தோலில் ஒட்டிய சுமார் 20 தகடுகள் வாங்கிப் பதிகின்றன. அதுவும் மைக்ரோவோல்ட் கணக்கில். டார்ச் பேட்டரி இதற்கு முன்னால் மலை.

என் முன்மொழிவு: மூளையலைப் பதிவு. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் யெனா நகரில் மனிதத் தலையிலிருந்து முதன்முதலாக இதைப் பதிவு செய்தார். 1929இல் வெளியிட்டபோது அவர் வைத்த பெயரில் 'மின்' உண்டு. மறுக்கவில்லை. அவர் மருத்துவர்களுக்கு எழுதினார், நாம் அந்த அக்காவுக்கு எழுதுகிறோம்.

– கோத்தகிரி

> என் முன்மொழிவு: மூளையலைப் பதிவு

'மின்னலை'யை எடுப்பதில் எனக்கும் சம்மதம். 'பதிவு' ஒத்துவராது. ஆஸ்பத்திரியில் பதிவு என்றால் ஓ.பி. சீட்டு போடும் ஜன்னல். "பதிவுக்கு வாருங்கள்" என்றால் அங்கே போய் வரிசையில் நிற்பார்கள். 'வரைவு' சட்ட மசோதா வாடை. 'சோதனை' என்றாலோ, நமக்கு வந்த சோதனை! ரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை எல்லோருக்கும் பழகியவை. ஆகவே மூளையலைப் பரிசோதனை. வெளிவரும் கோடுகளுக்கு மூளையலை வரைபடம்.

ஒரு தயக்கம்: இதயத்துக்கும் (இ.சி.ஜி.) தசைக்கும் (இ.எம்.ஜி.) வைத்த சொற்களில் 'மின்' இருக்கிறதே, வரிசை கெடாதா?

– ஊட்டி

பரிசோதனைக்கே என் ஓட்டு. வரிசை மாணவர்களுக்கான கலைச்சொல் பட்டியலில் இருக்கட்டும், அங்கே 'மூளை மின்னலை' என்றே வைப்போம்; ஒரே பொருளுக்கு இரண்டு இடத்தில் இரண்டு சொல் இருந்தால் குடி முழுகாது. தலைப்புக்குக் கீழே அடைப்பில் "இ.இ.ஜி." கட்டாயம், மருத்துவர் சீட்டில் அதுதான் இருக்கும்.

உள்ளே சில திருத்தங்கள். "கேசத்தைத் தூய்மை செய்க" என்பதை "முந்தின நாள் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளியுங்கள், எண்ணெய் வேண்டாம்" என்று மாற்றிவிட்டேன். எண்ணெய் இருந்தால் தகடு ஒட்டாது. ஜனவரிக் குளிரில் இதைச் சொன்னால் முறைப்பார்கள், பகலிலேயே குளிக்கச் சொல்லலாம். வலிப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது என்ற வரியைத் தடித்த எழுத்தில் மேலே ஏற்றிவிட்டேன். 3 நிமிடம் வேகமாக மூச்சு இழுத்துவிடச் சொல்வார்கள், கண்ணெதிரே விளக்கு மின்னும் என்பதையும் சேர்த்தேன். வரைபடம் இயல்பாக வந்தாலே வலிப்பு இல்லை என்று ஆகிவிடாது. "நார்மல்" என்று கேட்டதும் மாத்திரையைத் தூக்கிப்போடுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று மலைக்காரர்களுக்கே உரியது. சிலரை இரவு தூங்காமல் வரச் சொல்வார்கள், பரிசோதனையின்போது தூக்கம் வருவதற்காக. விடிய விடிய விழித்திருந்துவிட்டு மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் தாலாட்டினதுபோல் தூங்கிப்போனால் எல்லாம் வீண். கூட வருகிறவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்று எழுதியிருக்கிறேன்.

மிச்சம் 'மின்வாய்', தலையில் ஒட்டும் தகட்டுக்கான சொல். வாய் என்றால் கடிக்குமோ என்பார்கள். நெற்றிப்பொட்டு அளவுதானே, 'பொட்டுத் தகடு' எப்படி?

– கோத்தகிரி