மறு: ஆற்றுநீர்த் தர மாதிரியுருவில் 'முகவர்' பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஆற்றுநீரின் தரம் எப்படி மாறும் என்று கணக்கிட்டுக் காட்டும் மாதிரியுரு (மாடல்) பற்றிய மொழிபெயர்ப்புக்குச் சொல் தேடுகிறோம். அதில் முடிவெடுத்துச் செயல்படும் ஆட்களையும் அமைப்புகளையும் ஆங்கிலத்தில் 'ஏஜென்ட்' என்கிறார்கள். அதைப் பற்றி வந்த கேள்வி இது:

> எல்லா அகராதியிலும் ஏஜென்ட் என்றால் 'முகவர்' என்றுதான் இருக்கிறது. 'முகவர்சார் மாதிரி' என்று வைத்துக்கொண்டு மேலே போகலாமே?

போகலாம், ஆனால் படிப்பவர் முதல் பத்தியிலேயே தடுமாறுவார். முகவர் என்றாலே இன்னொருவர் சார்பில் வேலை பார்ப்பவர். காப்பீட்டு முகவர், பயண முகவர், வாக்குச்சாவடி முகவர் எல்லாரும் அப்படித்தான். நம் மாதிரியுருவில் வருபவர்கள் யாருக்கும் சார்பாக வருவதில்லை. ஆலைக்காரர் தன் வரவு செலவைப் பார்த்துத் தானே முடிவெடுக்கிறார். எத்தனை மூட்டை உரம் போடுவது என்று உழவர் தானே தீர்மானிக்கிறார். 'செயலி' கைப்பேசிக்குப் போய்விட்டது, 'செயலர்' அலுவலகத்துக்குப் போய்விட்டார். 'இயக்கி' என்றால் மென்பொருள்காரர்களுக்கு வேறு பொருள்.

சொல்லைத் தேடுமுன், அந்தச் சொல் என்ன வேலை செய்யவேண்டும் என்று பார்த்துவிடுவோம். ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1925இல் அமெரிக்காவின் ஒகாயோ ஆற்றை வைத்து ஒரு சமன்பாடு எழுதினார்கள். கழிவு கலந்த இடத்திலிருந்து ஆற்றோடு கீழே போகப்போக, கரைந்த ஆக்சிஜன் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும்போது ஆக்சிஜனைத் தின்கின்றன. காற்றிலிருந்து ஆக்சிஜன் நீருக்குள் வந்துகொண்டும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடக்கும் இழுபறிதான் அந்தச் சமன்பாடு. பின்னால் வந்த பல நீர்த்தர மாதிரியுருக்களுக்கு அதுதான் அடித்தளம். ஆனால் அதில் மனிதர் இல்லை. குழாய் வழியாக இவ்வளவு கழிவு வருகிறது என்ற எண் மட்டும் இருக்கிறது. அந்த எண் ஏன் இரவில் கூடுகிறது என்று கேட்டால் பதில் சொல்ல அதில் இடமே இல்லை.

அந்த எண்ணுக்குப் பின்னால் நிற்பவரைக் கணக்குக்குள் கொண்டுவரும் மாதிரியுருதான் இப்போது நமக்கு முன்னால் இருப்பது. சின்னதாக ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கழிவைச் சுத்திகரிக்க ஆலைக்கு மாதம் 10 அலகு செலவு. பிடிபட்டால் தண்டம் 40 அலகு. ஒரு மாதத்தில் அதிகாரி வந்து சோதிக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. சுத்திகரிக்காமல் விட்டால் சராசரியாக மாதம் 4 அலகுதான் நட்டம். லாபநட்டம் மட்டும் பார்க்கும் ஆலைக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். சோதனை வாய்ப்பைப் பத்தில் மூன்றாக்கினால் நட்டம் 12 ஆகிறது, இயந்திரம் மறுபடி ஓடுகிறது. அதிகாரி பகலில் மட்டுமே வருவார் என்று விதி எழுதினால், இயந்திரமும் பகலில் மட்டுமே ஓடும். ஆற்றின் ஆக்சிஜன் கோடு இரவில் சரிவதற்கு அதிகாரியின் வேலை நேரம் ஒரு காரணமாகிவிடுகிறது. வேதியியலை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு இந்தத் துறை முக்கியமாகப் படுவது இதனால்தான்.

கரையோர மக்களும் இந்தக் கணக்கில் உண்டு. நுரை, நாற்றம், செத்து மிதக்கும் மீன் என்றால் புகார் பறக்கும். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவைத் தாண்டினாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். போதாததற்கு, வயலில் போட்ட உரத்தின் நைட்ரேட் நிலத்தடி நீர் வழியாக ஆற்றுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் பிடிக்கலாம். உரத்தைக் குறைத்த உழவருக்கும் பலன் உடனே தெரியாது, குறைக்கச் சொன்ன அரசுக்கும் தெரியாது. "திட்டம் தோற்றுவிட்டது" என்று இரண்டு பேரும் நினைத்துக் கைவிட்டால், அந்தக் கைவிடலையும் மாதிரியுரு காட்டவேண்டும்.

ஆக, இங்கே செய்பவர் ஒருவர், செய்யவைப்பவர் ஒருவர். இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. மூன்றாம் வேற்றுமைப் பாடம் பலருக்கும் நினைவிருக்கும். 'அரசனால் கோயில் கட்டப்பட்டது' என்றால் அரசன் ஏவுதற் கருத்தா. 'சிற்பியால் கோயில் கட்டப்பட்டது' என்றால் சிற்பி இயற்றுதற் கருத்தா. கல்லைத் தொட்டவர் சிற்பி மட்டும்தான், இருந்தாலும் இரண்டு வாக்கியமும் சரி. கருத்தா என்ற இடத்தில் தொல்காப்பியம் வைத்திருக்கும் சொல் 'வினைமுதல்'. அதே நூற்பாவில் பக்கத்திலேயே 'கருவி' நிற்கிறது. வினை எவரிடமிருந்து தொடங்குகிறதோ அவர் வினைமுதல். நமக்கு வேண்டிய பொருள் இதுவேதான்.

என் பரிந்துரை: ஏஜென்ட் = வினைமுதல். கழிவை விடும் ஆலை, உரம் போடும் உழவர், தண்ணீர் எடுக்கும் குடும்பம் ஆகியோர் இயற்றும் வினைமுதல்கள். உரிமம் தரும் வாரியம், தண்டம் விதிக்கும் ஆணையம், மானியம் அறிவிக்கும் அரசு ஆகியவை ஏவும் வினைமுதல்கள்.

இனி 'நிறுவனம்'. இன்ஸ்டிட்யூஷனுக்கு அதைப் போட்டால் பெயர்ப்பலகை மாட்டிய கட்டடம்தான் மனதில் வரும். இந்தத் துறையில் அந்தச் சொல் பெரும்பாலும் குறிப்பது மக்கள் ஒழுகும் விதிகளை. 2009இல் பொருளியல் நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரோம், எழுதிவைத்த விதி வேறு, உண்மையில் நடப்பில் இருக்கும் விதி வேறு என்று திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். முதலாவதை 'ஏட்டு விதி' என்றும் இரண்டாவதை 'நடப்பு விதி' என்றும் சொல்லலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

ஐரோப்பாவின் ரைன் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காக்கும் பன்னாட்டு ஆணையம் 1950லேயே வந்துவிட்டது. வேதிப்பொருள் மாசு பற்றிய உடன்படிக்கை 1976இல் கையெழுத்தானது. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தில் பாசெல் நகர் அருகே ஒரு வேதிப்பொருள் கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைத்த தண்ணீரோடு பூச்சிக்கொல்லிகள் ஆற்றில் கலந்து, விலாங்கு மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 1987இல் கரையோர நாடுகள் ஒரு செயல்திட்டத்துக்கு ஒப்புக்கொண்டன: முக்கிய மாசுகளை 1995க்குள் பாதியாக்குவது, 2000க்குள் சால்மன் மீனை ஆற்றுக்குத் திரும்பக் கொண்டுவருவது. ஆணையம் முன்பிருந்த அதே ஆணையம்தான், மாறியது நடப்பு விதி. 'நிறுவனம்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் இந்த மாற்றத்தைத் தமிழில் எழுதவே முடியாது.

மாடலுக்கு வெறும் 'மாதிரி' வேண்டாம். பாட்டிலில் எடுத்துப்போகும் தண்ணீரும் 'நீர் மாதிரி'தான். ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் குழப்பம். புழக்கத்தில் இருக்கும் 'மாதிரியுரு' போதும். முருகேசு சிவபாலனும் சக ஆய்வாளர் இருவரும் 2012இல் முன்வைத்த துறைப்பெயருக்கு, அதாவது மனிதரும் நீரும் ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று ஆராயும் துறைக்கு, 'சமூக நீரியல்' சரியாகவே இருக்கிறது, அதை மாற்றவேண்டியதில்லை.

அன்புடன்.

—

ஐயா, வணக்கம்.

'ஏட்டு விதி', 'நடப்பு விதி' இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். 'வினைமுதல்' பற்றி ஒரு தயக்கம். 'முதல்' என்றால் இன்றைக்கு வியாபார முதல் அல்லது 'இன்றுமுதல்'தான் நினைவுக்கு வரும். பழகிவிடும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் நகராட்சியை எங்கே வைப்பது? ஊர்ச் சாக்கடையைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடுவதும் அதுதான், கடைக்காரர் குப்பை கொட்டினால் தண்டம் போடுவதும் அதுதான். நான் மொழிபெயர்க்கும் பகுதியில் நகராட்சிக்கு ஒரே ஒரு கட்டம்தான் வரைந்திருக்கிறது. ஏவும் வினைமுதலா, இயற்றும் வினைமுதலா?

—

நல்ல கேள்வி, அம்மா. இரண்டும்தான்.

இலக்கணத்தில் ஏவுதலும் இயற்றுதலும் ஆளுக்கு ஒட்டிய பட்டம் இல்லை. அவர் அந்த வினையில் எப்படி நிற்கிறார் என்பதைச் சொல்பவை. அதே அரசன் தன் கையால் வாளெடுத்துப் போரிட்டால் அங்கே அவன் இயற்றுதற் கருத்தா. அதுபோல் 'கழிவு விடுதல்' என்ற வினைக்கு நகராட்சி இயற்றும் வினைமுதல். 'தண்டம் விதித்துத் தடுத்தல்' என்று வரும்போது ஏவும் வினைமுதல். எனவே மூலத்தில் கட்டம் ஒன்றுதான் என்றாலும், தமிழில் எந்த வினையைப் பற்றிப் பேசுகிறோமோ அதையும் சேர்த்து எழுதுங்கள்: 'கழிவு விடுதலில் இயற்றும் வினைமுதலாகிய நகராட்சி'. கொஞ்சம் நீளம்தான். ஆனால் தண்டம் போடும் அமைப்பே மாசும் விடுகிறது என்பதையும், அதற்குத் தண்டம் போட மேலே யார் இருக்கிறார் என்ற கேள்வியையும் அந்த நீளம்தான் வாசகர் கண்ணில் படவைக்கும். நிரல் எழுதுபவர்களும் இந்த இரண்டு வேலைக்கும் தனித்தனியே விதி எழுதியாகவேண்டும், அதனால் அவர்களுக்கும் இது உதவும்.

'முதல்' பற்றிய தயக்கம் நியாயமானது. முதன்முறை வரும் இடத்தில் 'வினைமுதல், அதாவது தானே முடிவெடுத்துச் செயல்படுபவர் அல்லது அமைப்பு' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பன்மைக்கு 'வினைமுதல்கள்', அடையாக வரும்போது 'வினைமுதல்சார் மாதிரியுரு'. 'வினைமுதலர்' வேண்டாம், அமைப்புகளுக்கும் இதே சொல் வரவேண்டும், 'அர்' விகுதி போட்டால் வாரியமும் ஆணையமும் வெளியே போய்விடும்.

அன்புடன்.