ஃபட்டீக்: அயர்வா, நைவா? சுழல்வளைவுச் சோதனைக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

பாலிடெக்னிக் இயந்திரவியல் மாணவர்களுக்கான ஆய்வகக் கையேட்டில் சுழல்வளைவுச் சோதனை (மாதிரித் தண்டை வளைத்தபடி முறியும்வரை சுழற்றுவது) தமிழாகிக்கொண்டிருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் சுமையால் உலோகம் முறியும் ஃபட்டீக்குக்குக் களைப்பு, அயர்வு, சோர்வு என்று மூன்று சொற்கள் கிடைக்கின்றன. எதைக் கொள்வது? எண்டியூரன்ஸ் லிமிட் (எத்தனை முறை ஏறி இறங்கினாலும் உலோகம் முறியாத சுமை அளவு), சைக்கிள் (சுமை ஒருமுறை ஏறி இறங்குவது) ஆகியவற்றுக்கும் அதனோடு பொருந்தும் சொற்கள் வேண்டும்.

மறுமொழி 1

ஐயா, வணக்கம். மூன்றுமே உடம்புக்கு உரிய சொற்கள். களைத்தவர் ஓய்வெடுத்தால் தேறிவிடுவார், உலோகம் தேறாது. இயந்திரத்தை நிறுத்தி ஒரு மாதம் கழித்து ஓட்டினாலும், விரிசல் நின்ற இடத்திலிருந்தே மேலே வளரும். 'களைப்பு' என்று படிக்கும் மாணவர், தண்டுக்கு ஓய்வு கொடுத்தால் ஆயுள் கூடும் என்று எண்ண வழி இருக்கிறது. இது பாதுகாப்பைத் தொடும் பிழை.

'நைவு' என்பது என் பரிந்துரை. துணி நைகிறது, கயிறு நைகிறது. ஒரே இழுப்பில் அறுந்த கயிற்றை யாரும் நைந்தது என்று சொல்வதில்லை. நையப் புடைத்தான் என்னும்போதும் அடி ஒன்றல்ல, பல. மறுபடி மறுபடி நடப்பதும், மீளாத கேடும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. 'அச்சு நைந்து முறிந்தது' என்று வினையாகவும் எழுதலாம்.

இத்துறை ரயில் அச்சுகளில்தான் தொடங்கியது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதிர்வினால் இரும்பு 'படிகமாகி' நொறுங்குகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். பொறியாளர் ரான்கின் 1843-இல் வேறு விளக்கம் தந்தார்: அச்சின் தோள், அதாவது தடிப்பு மாறும் படி, கூர்மையாகத் திரும்பும் இடத்தில் விரிசல் தொடங்கி மெல்ல உள்ளே போகிறது, தோளை வளைவாக்க வேண்டும். படிகக் கதை தவறு என்பதை 1903-இல் யூவிங்கும் ஹம்ஃப்ரியும் நுண்ணோக்கியில் காட்டினார்கள். உலோகத்தின் நுண்படிக மணிகளுக்குள் வழுக்குக் கோடுகள் தோன்றி, அடர்ந்து, விரிசலாக மாறுவதைக் கண்டார்கள். நைதல் என்ற சொல் இந்த மெல்லிய தொடக்கத்துக்கும் பொருந்துகிறது.

சோதனையை இயந்திரமாக்கியவர் பிரஷ்ய ரயில்வேயின் ஆகஸ்ட் வோலர். ஓடும் பெட்டியின் அச்சு எவ்வளவு வளைகிறது என்பதைத் துத்தநாகத் தகட்டில் கீறிப் பதியும் கருவியால் முதலில் அளந்தார். பிறகு சுழலும் தண்டின் இரு முனைகளிலும் மாதிரிகளைச் செருகி, வில்லால் (ஸ்பிரிங்) வளைத்தபடி முறியும்வரை சுழற்றினார். முடிவுகளை 1870 வரை வெளியிட்டார். உச்சத் தகைவைவிட (தகைவு என்பது பரப்பலகுக்கு உரிய விசை) அது ஏறி இறங்கும் வீச்சே முறிவைத் தீர்மானிக்கிறது என்பது அவற்றில் தலையானது.

கனெக்டிங் ராடு போல்ட்டுக்கு இன்றும் இதுவே விதி. சரியான முறுக்கத்தில் இறுக்கிய போல்ட்டில் சராசரித் தகைவு அதிகம், ஏற்ற இறக்கமோ சிறிது. தளர்வாக விட்டால் பிஸ்டனின் முழு இழுப்பும் ஒவ்வொரு சுற்றிலும் போல்ட்டில் ஏறி இறங்கும். அது நைந்து அறும். அறுந்த போல்ட்டைப் பார்த்ததும் "அதிகம் இறுக்கிவிட்டார்கள்" என்று சொல்வது பணிமனை வழக்கம். பல நேரம் காரணம் நேர் எதிரானது.

மறுமொழி 2

நைவு என்றவுடன் தேய்மானம்தான் நினைவுக்கு வருகிறது. துணி நைவதில் பாதி உராய்வுதானே? உலோகத்தில் தேய்மானம் தனித் துறை. மாணவர் இரண்டையும் குழப்பமாட்டாரா? மேலும் அகராதிகளில் 'அயர்வு' ஏற்கெனவே ஏறிவிட்டது.

மறுமொழி 3

அம்மா, தேய்மானம் என்ற சொல் பணிமனையில் மிக உறுதியாக வேரூன்றியிருக்கிறது. பேரிங் தேயும், ரிங் தேயும். அந்த இடத்தை நைவு பிடிக்காது. அயர்வை அடைப்பில் ஒருமுறை கொடுத்துவிட்டால் அகராதி பார்ப்பவருக்கும் வழி கிடைக்கும். குழப்பம் வேறோர் இடத்தில் வரலாம்: கம்பியைக் கையால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதை எடுத்துக்காட்டாக எழுதிவிடுவார்கள். அங்கே ஒவ்வொரு வளைப்பிலும் கம்பி நிரந்தரமாக உருமாறுகிறது; சில தடவையிலேயே முடிந்துவிடும். சுழல்வளைவில் தகைவு மீட்சி எல்லைக்குக் (சுமையை எடுத்தால் பழைய வடிவுக்குத் திரும்பும் எல்லை) கீழே இருந்தும் இலட்சக்கணக்கில் ஓடியபின் முறிகிறது. முன்னது குறை அலைவு நைவு, பின்னது மிகை அலைவு நைவு.

'அலைவு' என்று எழுதியது வேண்டுமென்றேதான். சைக்கிளுக்குச் 'சுற்று' போடவேண்டாம். சோதனை இயந்திரத்தில் ஒரு சுற்றுக்கு ஓர் அலைவு: மாதிரியின் மேற்பரப்பிலுள்ள ஒரு புள்ளி மேலே அமுக்கமும் கீழே இழுப்பும் பெற்றுத் திரும்புகிறது. நான்கு வீச்சு எஞ்சினிலோ வெடிப்பின் அழுத்தம் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, பிஸ்டனின் நிலைம விசை ஒவ்வொரு சுற்றிலும். சுற்று தண்டுக்கு, சுழற்சி எஞ்சினின் நான்கு வீச்சுக்கு, அலைவு தகைவுக்கு. மூன்றையும் பிரித்து வைக்காவிட்டால் கிராங்க் தண்டின் ஆயுள் கணக்கு இரு மடங்கு பிசகும்.

எண்டியூரன்ஸ் லிமிட்டுக்கு 'நையா எல்லை'. மீட்சி எல்லை என்ற சொல் இருப்பதால் இது எளிதாக ஒட்டும். இதை எஃகுக்கு மட்டும் சொல்லுங்கள். பளபளப்பாக மெருகேற்றிய மாதிரியில், இழுவலிமையில் (இழுத்து அறுக்கத் தேவையான தகைவு) ஏறத்தாழ பாதி. 600 மெகாபாஸ்கல் எஃகுக்கு 300 அளவில். இழுவலிமை 1400-ஐத் தாண்டினால் இந்தப் பாதிக் கணக்கு நிற்காது. அலுமினியக் கலவைகளுக்குத் தெளிவான நையா எல்லையே கிடையாது. தகைவையும் அலைவு எண்ணிக்கையையும் காட்டும் வரைபடத்தில் கோடு இறங்கிக்கொண்டே போகும். அங்கே 'நைவு வலிமை' என்று எழுதி, எத்தனை அலைவுக்கு என்பதையும் சேர்க்க வேண்டும். வழக்கமாக 50 கோடி. நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஓட்டினாலும் ஏறக்குறைய 35 நாள் ஆகும். எஃகுக்கு 1 கோடி அலைவு, 3,000 சுற்றில் 55 மணி நேரத்தில் முடிந்துவிடும்.

செய்முறையில் இவற்றை விடவேண்டாம். மாதிரியின் இடை 7.62 மில்லிமீட்டர் என்றால் வெட்டுமுகக் கெழு (வளைவை எதிர்க்கும் வெட்டுமுக அளவு) 43.4 கன மில்லிமீட்டர். 300 மெகாபாஸ்கலுக்கு வளைவுத் திருப்புமை, அதாவது தகைவையும் கெழுவையும் பெருக்கியது, 13 நியூட்டன் மீட்டர். வெளித் தாங்கிக்கும் உள்தாங்கிக்கும் இடைவெளி 100 மில்லிமீட்டராக இருந்தால் மொத்தச் சுமை 26.6 கிலோ. தொங்கும் தாங்கிப் பெட்டியின் சொந்த எடையும் இதில் அடங்கும். அதைக் கழித்துத்தான் எடைக்கட்டி ஏற்ற வேண்டும். விட்டத்தில் 1 விழுக்காடு பிழை தகைவில் 3 விழுக்காடாகும். ஆயுள் தகைவின் பத்தாம் படியை ஒட்டி மாறுவதால், அது ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும். கடைசி எமரித் தாளை மாதிரியின் நீளவாக்கில் இழுங்கள். சுற்றுவாக்கில் விழுந்த கீறல் ஒவ்வொன்றும் விரிசலுக்கு வாசல். டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்து, சுமையின்றி மோட்டாரை ஓடவிட்டு, பிறகு சுமையை மெதுவாக ஏற்றி, எண்ணியைச் சுழியாக்கவும்.

முறியாமல் நின்ற மாதிரியை 'தாங்கிய மாதிரி' எனலாம். வரைபடத்தில் வலப்புற அம்புக்குறி. அதையே எடுத்து அடுத்த சுமையில் ஓட்டவேண்டாம். குறைந்த தகைவில் ஓடிப் பழகிய சில எஃகுகள் பிறகு கூடுதல் தகைவையும் தாங்கும். புது மாதிரியின் மதிப்பு கிடைக்காது. இதற்குப் 'பழக்கேற்றம்' என்று ஒரு சொல் ஒதுக்கலாம்.

இன்னொன்று. முறிந்த கிராங்க் தண்டில் வழவழப்பான பகுதியும், அதில் அலை ஒதுங்கிய மணல்போல் வளைந்த வரிகளும், எஞ்சிய இடத்தில் சொரசொரப்பான இறுதி முறிவும் தெரியும். அவ்வரிகளை 'நைவு வரி' எனலாம். அவை சுமை மாறுவதாலும் இடையிடையே நின்று ஓடுவதாலும் விழுபவை. ஒரே சுமையில் ஓடும் ஆய்வக மாதிரியில் பெரும்பாலும் தெரியாது. மாணவர் தேடி ஏமாறாமலிருக்க ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மறுமொழி 4

நைவு, நையா எல்லை, அலைவு மூன்றையும் ஏற்கலாம். கையேட்டின் எஞ்சின் பகுதிக்கு ஓர் எடுத்துக்காட்டு சேர்க்க வேண்டுகிறேன்: கிராங்க் தண்டை 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் அண்டர்சைஸுக்குக் (விட்டத்தைக் குறைத்து) கடையும்போது சாணைச் சக்கரத்தின் ஓரத்தை ஆரத்துக்குச் சீவாமல் விட்டால், ஜர்னலின் (பேரிங்கில் அமரும் பகுதி) மூலை வளைவு போய்க் கூர்விளிம்பு நிற்கும். ரான்கின் சொன்ன அதே தோள். மூலையை உருளையால் அமுக்கி உறுதியாக்கிய தண்டாக இருந்தால், அந்த அமுக்கத் தகைவும் கடைசலோடு போய்விடும். சக்கரத்தை வேகமாக ஊட்டிக் கருக்கினாலோ பரப்பில் இழுவிசைத் தகைவு தங்கி, எஞ்சின் ஓடுமுன்பே மெல்லிய விரிசல் விழும். கடைந்தபின் ஆர அளவி வைத்துப் பார்ப்பதும் மெல்லிய விரிசலைக் காட்டும் காந்தத்தூள் சோதனையும் கட்டாயம்.

அந்த மூலை வளைவுக்குக் கையேட்டில் 'தோள் ஆரம்' என்றே போடலாம். பணிமனையில் 'ரேடியஸ்' என்று சொல்பவருக்கும் புரியும்.