பொறையாறு ரயிலடியிலிருந்து ஒரு சுற்று நடை

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

நித்யா: பெரியப்பா, பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் தரங்கம்பாடி போகலாமா? அருண் கார் எடுத்து வருகிறானாம்.

அருண்: காலையில் கிளம்பினால் கோட்டையைப் பார்த்துவிட்டு, மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குள் வீடு வந்துவிடலாம்.

பெரியப்பா: தாராளமாகப் போகலாம். ஆனால் கார் பொறையாறு சித்தி வீட்டு வாசலோடு நிற்கட்டும். அங்கிருந்து நடை. பழைய ரயிலடியில் தொடங்கி வயல் பக்கமாகத் தரங்கம்பாடி, எருசலேம் கோயில் என்கிற தேவாலயம், கோட்டை, கடற்கரை, அப்புறம் வேறு வழியாகப் பொறையாறு. ஒரு சுற்று.

அருண்: பொறையாறில் ஏது ரயிலடி பெரியப்பா?

பெரியப்பா: இருந்ததுப்பா. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி வரை மீட்டர்கேஜ் வண்டி ஓடியது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு, அப்புறம் தரங்கம்பாடி. எங்கள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நான் ஏறிய முதல் வண்டி அதுதான். திரும்பும்போது தரங்கம்பாடியிலிருந்து மீன்கூடைகளும் ஏறும். தண்ணீர் சொட்டிச் சொட்டிப் பெட்டி முழுக்க ஈரம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். 1986இல் நிறுத்தினார்கள், பிறகு தண்டவாளத்தையும் எடுத்துவிட்டார்கள்.

சரவணன் மாமா: அந்த வண்டி திரும்ப வர வேண்டும் என்று இன்றைக்கும் ஊரில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். இப்போது ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கி பஸ்தான் பிடிக்க வேண்டும்.

நித்யா: தில்லையாடியிலிருந்தே நடந்தால் என்ன? வள்ளியம்மை நினைவு மண்டபத்தைப் பிள்ளைகள் பார்க்கலாமே.

பெரியப்பா: பார்க்க வேண்டிய இடம்தான். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடி, சிறைக்குப் போய் வந்து, 1914இல் பதினாறு வயதில் இறந்துபோன பெண். ஆனால் அங்கிருந்து தொடங்கினால் சின்னவனுக்குக் கால் தாங்காது. அதற்குத் தனியாக ஒரு நாள் போவோம்.

சித்தி (பொறையாறு): எல்லாரும் வாங்க. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை கோயிலில் ஆராதனை நடக்கும். ஜெபத்துக்கு உட்கார வருகிறவர்கள் தாராளமாக வரலாம். சுற்றிப் பார்க்கவும் படம் எடுக்கவும் அந்த நேரத்தில் உள்ளே போவது முறையில்லை. சனிக்கிழமையாக வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம் சொல்லி வைக்கிறேன், திறந்து காட்டுவார்.

அருண்: சரி சித்தி, சனிக்கிழமை. ரயில் பாதை மேலேயே நடந்துவிடலாமா?

சித்தி: முழுக்க முடியாது தம்பி. மேடு அங்கங்கே தெரியும், மற்ற இடமெல்லாம் கருவை மண்டிக் கிடக்கிறது. வரப்பு வழியாகப் போய் ரோட்டில் ஏறிக்கொள்ளலாம். பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள், அறுத்த வயலைப் பார்த்து மைதானம் என்று நினைத்து இறங்கி ஓடக் கூடாது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னாலேயே நெல்லுக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். இப்போது அறுத்த நெல் தாளுக்கு நடுவில் இரண்டு இலை விட்டு நிற்கும். குனிந்து பார்த்தால்தான் தெரியும். அந்த ஈரத்தையும் பனியையும் நம்பித்தான் அந்தப் பயிர். ஒரு மிதி மிதித்தால் போச்சு.

நித்யா: சொல்லி வைக்கிறேன் சித்தி. பெரியவள் கேட்கிறாள், கோயில் எவ்வளவு பழசாம்?

பெரியப்பா: முகப்பிலேயே போட்டிருக்கிறது, அவளையே படிக்கச் சொல்லு. மேலே கிரீடமும் அதற்குக் கீழே டென்மார்க் ராஜா நாலாம் ஃபிரெடரிக்கின் முத்திரை எழுத்தும், 1718 என்ற வருஷமும் இருக்கும். ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியார் சீகன்பால்கு கட்டிய கோயில். அதற்கு முன்னால் 1707இல் ஒரு சின்னக் கோயில் கட்டினார், கடலோரத்தில் இருந்த அது அழிந்துபோனது. அதனால்தான் இதற்குப் ‘புதிய’ எருசலேம் என்று பெயர்.

சித்தி: உள்ளே போனால் நான்கு பக்கமும் ஒரே நீளம், சிலுவை வடிவம். நடுவில் நின்று பார்த்தால் நான்கு கையும் தெரியும். பீடத்துக்கு முன்னால்தான் சீகன்பால்கு கல்லறை. கோயிலைப் பிரதிஷ்டை செய்து ஐந்து மாதத்துக்குள், 1719 பிப்ரவரியில் போய்ச் சேர்ந்துவிட்டார். வயது முப்பத்தாறு. எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், அந்த வயதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கும்.

அருண்: எதிரிலேயே இன்னொரு கோயில் இருக்கிறதே சித்தி?

சித்தி: அது சீயோன் கோயில், 1701. டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. புதிய எருசலேம்தான் தமிழ் சபைக்கு. ராஜா வீதியிலேயே இரண்டும் கிட்டக்கிட்ட இருக்கின்றன, இரண்டையும் பார்த்துவிட்டு வாங்க.

பெரியப்பா: அருண், காரில் வேண்டாம் என்று நான் ஏன் சொல்கிறேன் தெரியுமா? காரில் போகிறவர்கள் நேரே கோட்டை வாசலில் இறங்கி, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அந்த ஊர் கடலோடு மட்டும் நின்ற ஊர் இல்லை. 1620இல் தஞ்சாவூர் ராஜா ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் வியாபாரத்துக்கு வந்தவர்கள். சீகன்பால்கு 1706 ஜூலையில் வந்து இறங்கி, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார். உள்ளூர் கவர்னருக்கு அவர் போக்கு பிடிக்கவில்லை, அதே கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். அப்புறம் அச்சுக்கூடம் வந்தது, ஜெர்மனி ஹாலே நகரத்திலிருந்து தமிழ் எழுத்து வார்த்து அனுப்பினார்கள், 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு முடிந்தது. காகிதம் போதவில்லை என்று பொறையாறிலேயே காகிதப் பட்டறை போட்டார்கள். நம் பிள்ளைகள் கையில் வைத்திருக்கிற அச்சுப் புத்தகத்துக்கும் இந்த வயலுக்கும் சம்பந்தம் உண்டு என்பது நடந்து போனால்தான் புரியும். அந்த மனுஷன் போன தூரத்தைக் காலால் ஒரு தடவையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

சித்தி: கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்னும் எங்கள் ஊரில் வழக்கில் இருக்கிறது.

அருண்: இது எனக்குப் புதிது பெரியப்பா. நடந்தே வருகிறேன்.

சரவணன் மாமா: கடற்கரையில் மாசிலாமணிநாதர் கோயிலை விட்டுவிடாதீர்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, 1306. கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. தேவாலயத்தையும் சிவன் கோயிலையும் ஒரே நடையில் பார்க்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது?

பெரியப்பா: நன்றாக நினைவுபடுத்தினாய். ஊருக்குள் போகிற வெள்ளை நுழைவாசல் வழியாக நுழைந்தால் முதலில் இரண்டு தேவாலயம், அப்புறம் கோட்டை, கடைசியில் சிவன் கோயில். அங்கே கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்.

நித்யா: வெயில்?

சித்தி: அதனால்தான் ஆறரைக்கே என் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். தை மாதம் காலையில் பனி இருக்கும், பத்துமணிக்கு மேல் கடலோர வெயில் சுள்ளென்று அடிக்கும். தொப்பி, தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று. செருப்பு பழசாக இருக்கட்டும், வரப்பில் சேறு ஒட்டும். திரும்பும்போது பெத்லகேம் கோயில் பக்கமாக வந்தால் மர நிழல் கிடைக்கும்.

நித்யா: புளிச்சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் நான் கட்டி எடுத்து வருகிறேன்.

சித்தி: தயிர்சாதம் என் கணக்கு. மாவடு இருக்கிறது.

பெரியப்பா: கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடு. உள்ளே ஐந்து நிமிஷமாவது சும்மா உட்காரட்டும். படம் அப்புறம் எடுக்கலாம்.

அருண்: என் ஃபிரெண்ட் ஒருத்தன் சென்னையிலிருந்து வருகிறான், அவனையும் அழைத்து வரலாமா?

பெரியப்பா: அழைத்து வா. வெள்ளிக்கிழமை ராத்திரியே மாயவரம் வந்துவிடச் சொல். சனிக்கிழமை காலையில் ஐந்தரைக்கு நம் வீட்டிலிருந்து புறப்பட்டாக வேண்டும்.

சித்தி: கோயில்பிள்ளையிடம் பேசிவிட்டேன். எட்டரைக்குத் திறந்து வைக்கிறாராம். எத்தனை பேர் என்று கேட்டார், பத்து என்று சொல்லியிருக்கிறேன். கூடினால் சொல்லுங்கள்.

அருண்: பதினொன்று சித்தி.