சால்காதோவின் சுரங்கப் படங்களில் சேறு எது, ஆள் எது?

கேள்வி:
புகைப்படக் கலைஞர் செபஸ்தியாவ் சால்காதோ 1986-இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏணி முழுக்க ஆட்கள், முதுகில் மூட்டை. பல இடங்களில் சேறு எது, தோல் எது, சாக்கு எது என்றே பிரிக்க முடியவில்லை. வண்ணத்தில் எடுத்திருந்தால் உழைப்பு இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்காதா? படங்கள் இத்தனை அழகாக இருப்பதும் உறுத்துகிறது.

பதில் 1:
நான் டார்க்ரூமில், அதாவது புகைப்படம் கழுவும் இருட்டறையில், பிரிண்ட் போடுகிறவன். என்னைக் கேட்டால், பிரிக்க முடியாமல் இருப்பதுதான் அவற்றின் பலம். வண்ணப்படம் என்றால் கண் முதலில் யாரோ ஒருவரின் நீலச் சட்டைக்குத்தான் போகும். நிறம் போனால் மிஞ்சுவது வெளிச்சம். ஈரச் சேறு முதுகில் பளபளக்கும். காய்ந்த சேறு மங்கிச் சாம்பலாகக் கிடக்கும். இப்போதுதான் குழியிலிருந்து ஏறுகிறவர் யார், வெகுநேரம் வெயிலில் நிற்பவர் யார் என்று அதை வைத்தே ஓரளவு ஊகிக்கலாம். அப்புறம் கழுத்தைப் பாருங்கள். பாரம் தலையை எந்தப் பக்கம் தள்ளுகிறது, ஏணிப்படியில் பாதம் எப்படிப் பதிகிறது என்று கவனியுங்கள். முகத்தைவிட அங்கேதான் உழைப்பு அதிகம் தெரிகிறது.

போனில் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். நிழல்கள் அடைத்துக் கரியாகிவிடும். நல்ல அச்சில் அந்தக் கறுப்புக்குள்ளும் விரல்கள் தெரியும்.

பதில் 2:
வெளிச்சம் சரி, மூட்டைக்குள் என்ன? குழி சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சுமந்தவர்கள் கூலிக்காரர்கள். தங்கம் தட்டுப்பட்டால், தூக்கி வந்த மூட்டைகளில் ஒன்றைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்ததாகச் சால்காதோ சொல்லியிருக்கிறார். அதில் பொன்னும் இருக்கலாம், வெறும் மண்ணும் இருக்கலாம். அவர் பொருளாதாரம் படித்தவர், சர்வதேசக் காபி அமைப்பில் வேலை பார்த்தவர். கூலிக்கும் ஆசைக்கும் நடுவில் ஓடும் இந்தக் கணக்கு அவர் கண்ணில் படாமல் இருக்குமா? வெறும் துயரமாக மட்டும் அந்த ஏணிகளை என்னால் பார்க்க முடியாது.

காவலரின் துப்பாக்கிக் குழலை ஒரு தொழிலாளி பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். அந்தக் கையை விட்டுக் கண் நகரவில்லை. மூட்டையைப் பற்றிச் சொன்னதும் ஏணிப் படங்கள் எனக்கு வேறு மாதிரி தெரிகின்றன, நன்றி. ஆனால் மேலிருந்து முழுக் குழியையும் காட்டும் படங்களில் மனிதர்கள் எறும்புகளாகிவிடுகிறார்கள். அங்கே கழுத்தும் இல்லை, பாதமும் இல்லை. அவற்றை மட்டும் என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.