மெட்ரோவில் தமிழ் நூல்கள்: ஆண்டுக்கு 24 என்ற இலக்குக்கு எந்தச் செயலி உதவும்?

அல்சூர்வாசி:
வணக்கம். பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ஊதா வழித்தட மெட்ரோவில் நாள்தோறும் செல்லும் நான், இந்த ஆண்டு 24 தமிழ் நூல்களைப் படித்து முடிப்பதென்று உறுதி பூண்டிருக்கிறேன். ஆனால் தரவிறக்கிய பழைய நூல்களின் பிடிஎஃப் பக்கங்கள் கைப்பேசியில் எறும்பெழுத்தாகத் தெரிவதால், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடவலமாக நகர்த்த வேண்டியிருக்கிறது. வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1, இந்திராநகர்:
வருடியெடுத்த (ஸ்கேன் செய்த) பக்கம் வெறும் படம்தான். பெரிதாக்கினால் வரிகள் திரைக்குள் மடங்கா. ஆகவே எழுத்தின் அளவுக்கேற்ப வரிகள் மடங்கும் மின்னூல் வடிவமான ஈபப்பைத் தேடுங்கள். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. அக்கோப்பைக் கூகுள் பிளே புக்ஸ் செயலியில் ஏற்றிவிட்டால், நீங்கள் விட்ட இடத்தை அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். பழந்தமிழ் இலக்கியத்துக்கு, 1998 முதல் இயங்கிவரும் மதுரைத் திட்டம் என்ற இலவச மின்னூல் தொகுப்பு இருக்கிறது.

மறுமொழி 2, ஜீவன்பீமா நகர்:
படித்த நூல்களைக் குறித்துவைக்கும் குட்ரீட்ஸ் தளத்தின் ஆண்டு வாசிப்பு அறைகூவலில் நூல்களின் எண்ணிக்கையே இலக்கு என்பதால், கடந்த ஆண்டு நான் மெலிந்த நூல்களையே தேடிப் போனேன். அது இன்றும் உறுத்துகிறது. அதுபோன்ற மற்றொரு செயலியான ஸ்டோரிகிராஃபில் பக்கங்களையும் இலக்காக வைக்கலாம். மேலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகம் உங்கள் அல்சூரிலேயே இருக்கிறதே!

அல்சூர்வாசி:
மிக்க நன்றி, ஐயா. ஈபப் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிகள் அழகாக மடங்குகின்றன. பக்க இலக்கையே வைத்துக்கொள்கிறேன்.